சிரிப்புப் படங்களுக்குப் பாட்டெழுதிய கண்ணதாசனை நாம் ஏன் கணக்கில் வைப்பதில்லை?

பள்ளத்தூர் வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கவியரசரின் பிறந்தநாளான ஜூன் 24 அன்று எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் அரை மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சிறுகூடல்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது எளிதான வேலை என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கக்கூடும். உண்மையில் இங்கேதான் அவரைப் பற்றிப் பேசுவது கடினம். கேட்க வருகிற ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு கண்ணதாசனை வீட்டிலிருந்தே கொண்டுவந்து விடுகிறார்கள். பேசுகிறவர் அந்தக் கண்ணதாசனைப் பாராட்டினால் போதும் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படிக் கொண்டுவரப்படுகிற கண்ணதாசன்களில் இரண்டு பேரைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன். ஒருவர் கையில் கோப்பையுடன் இருப்பவர். மற்றவர் சாவு வீட்டு வாசலில் நின்று நிலையாமை சொல்பவர். முதலாமவரைப் பற்றிச் சொல்லும்போது என் அப்பச்சி சிரிப்பார், இரண்டாமவரைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்குவார். இந்த இருவரையும் தாண்டி யோசிக்க வேண்டிய தேவை எனக்கும் இதுவரை வந்ததில்லை.

சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்த என் மகளுடன் பழைய நகைச்சுவைப் படங்கள் மூன்றை அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். 1964-இல் வந்த காதலிக்க நேரமில்லை, 1967-இல் வந்த ஊட்டி வரை உறவு, அதே ஆண்டில் வந்த பாமா விஜயம். மூன்றாம் நாள் எழுத்துகள் ஓடும்போது அவள், ‘ஆத்தா, மூன்று படத்திலும் பாடல்கள் கண்ணதாசன் என்றே வருகிறதே, அவர் சோகப் பாட்டு எழுதுகிறவர் அல்லவா?’ என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் படங்களின் பாடல்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவற்றைப் பாடும்போது நாகேஷும் பாலையாவும் நினைவுக்கு வருகிறார்களே தவிர, எழுதியவர் ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை.

என் கேள்வி இதுதான். தமிழின் மிகச் சிறந்த நகைச்சுவைப் படங்கள் சிலவற்றில் இவ்வளவு பங்குள்ள ஒருவருடைய பொதுப் பிம்பத்தில் சிரிப்புக்கு ஏன் இடமே இல்லாமல் போயிற்று? எதிர்நீச்சல் படத்தின் அம்புஜம் பாட்டையும் சேர்த்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.


குன்றக்குடி ரசிகன்:

எதிர்நீச்சல் பாடல்கள் வாலி எழுதியவை, அம்மா. அதை மேடையில் சொல்லிவிடாதீர்கள். முன் வரிசையில் இருக்கிறவர் எழுந்து நின்றுவிடுவார்.


தேவகோட்டைக் கணக்கர்:

தாங்கள் பாமா விஜயத்தைக் குறிப்பிட்டதால் எழுதத் தோன்றியது. நான் கணக்குத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். என் ஐயா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்தவர். அன்றன்றைய நடப்பைச் சிட்டையில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு எடுத்துப் பார்க்கும்போது ஒரு காசு இடித்தாலும் இரவு முழுவதும் விளக்கை அணைக்காத தலைமுறை அது. அந்தத் தலைமுறை வளர்த்த வீடு ஒன்றில் பிறந்தவர்தான், ‘வரவு எட்டணா, செலவு பத்தணா’ என்று எழுதினார். இந்த ஒரு பாட்டைப் பற்றி மட்டுமே தாங்கள் அரை மணி நேரம் பேசலாம் என்பது என் எண்ணம்.

படத்தின் கதை தங்களுக்குத் தெரியும். கட்டுச்செட்டாக இருந்த ஒரு கூட்டுக் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நடிகை குடிவருகிறாள். அவளுக்கு முன்னால் பணக்காரர்களாகத் தோன்ற வேண்டும் என்று மூன்று மருமகள்களும் கடன்மேல் கடன் வாங்கி வீட்டை நிரப்புகிறார்கள். இந்தச் சூழலுக்கு ஒரு அறிவுரைப் பாட்டு எழுதச் சொன்னால் ‘ஆடம்பரம் கூடாது’ என்று எவரும் எழுதிவிடலாம். இவரோ அறிவுரையே சொல்லாமல் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறார். எட்டு வரவு, பத்துச் செலவு, இரண்டு துண்டு. அந்தத் துண்டு வருமானத்தில் நாலில் ஒரு பங்கு என்பதைக் கேட்பவர் சிரித்துக்கொண்டே தாமே கண்டுகொள்கிறார். அதன் பிறகு வரும் ‘துந்தனா’ என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் வெறும் எதுகைச் சத்தமாகக் கேட்கிறார்கள். வீதியில் பிச்சைக்கு வருகிறவர் மீட்டும் நரம்புக் கருவி அது. அணா, அணா என்று வந்த ஓசை அப்படியே துந்தனாவில் போய் முடியும்போது, ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது. நாலு வரியில் சிட்டை, பேரேடு, ஐந்தொகை, திவாலைச் சொல்லும் மஞ்சள் கடிதாசி எல்லாம் முடிந்துவிட்டன!

இன்னொரு சங்கதியும் உண்டு. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்துவிட்டது. படம் வந்தபோது அணா சட்டப்படி செத்துப் பத்தாண்டு ஆகியிருந்தது. ஆனால் மக்கள் வாயில் அரை ரூபாய் எட்டணாவாகவே இருந்தது. பைசாவில் எழுதியிருந்தால் எதுகையும் கிடைத்திருக்காது, வீட்டுப் பெரியவர் மனத்துக்குள் போடுகிற பழைய கணக்கின் குரலும் கிடைத்திருக்காது. அந்த வீட்டுப் பெரியவராக நடித்தவர் பாலையா என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால், அணா என்பது நாணயத்தின் பெயராக மட்டும் நிற்காமல் ஒரு தலைமுறையின் பேச்சாகவே கேட்கும்.

இதை எழுதியவர் தம் சொந்தக் கணக்கில் எப்படி இருந்தார் என்பது ஊரறிந்தது. 1960-இல் சந்திரபாபுவைக் கதாநாயகனாக வைத்து அவரே தயாரித்த படத்துக்குக் கவலை இல்லாத மனிதன் என்று பெயர். அந்தப் படத்தால் தயாரித்தவருக்குக் கடனும் கவலையும்தான் மிஞ்சின. ஆகவே எட்டணாப் பாட்டை நான் கணக்கர் பார்வையில் எழுதப்பட்டதாக நினைப்பதில்லை. துண்டு விழுந்த பக்கத்தில் நின்று, தன்னையும் சேர்த்துச் சிரித்துக்கொண்டு எழுதிய பாட்டாகவே கேட்கிறேன்.


வலையபட்டித் தமிழாசிரியர்:

கணக்கர் ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் வாசகி அவர்களின் கேள்விக்கு அது விடையாகவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அப்படி இருந்தும் எழுதியவர் பெயர் ஏன் அதில் ஒட்டவில்லை என்பதே கேள்வி. என்னைக் கேட்டால் இதற்குப் பெரும் பொறுப்பு கவிஞருடையதே. 1963-இல் ரத்தத் திலகம் படத்தில் ‘ஒரு கோப்பையிலே என் குடியிருப்பு’ என்று எழுதிக் கொடுத்ததோடு நில்லாமல், தாமே திரையில் தோன்றி அந்தப் பாட்டுக்கு முகமும் கொடுத்தார். சீனப் போரைப் பின்னணியாகக் கொண்ட அந்தப் படத்தின் கதையை இன்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் காட்சியைச் சொல்லத் தெரியாதவர் இல்லை. பின்னர் தம் வாழ்க்கையைச் சொல்லும் வனவாசத்தில் தம் பலவீனங்களை மறைக்காமல் எழுதினார். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே இவ்வளவு அழுத்தமாக ஒரு படம் வரைந்து மாட்டிவிட்டுப் போனால், பிறகு வருகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு வேறு படம் மாட்டுவது எளிதில்லை.

நகைச்சுவைப் படத்திலோ நிலைமை இதற்கு நேர் எதிரானது. அங்கே பாட்டு எழுதியவர் மறைந்தால்தான் பாட்டு வெற்றி பெறும். ஒரு சோகப் பாட்டில் கதாபாத்திரத்தின் பின்னால் கவிஞர் நிற்பது தெரிந்தால் நாம் அதைத் தத்துவம் என்கிறோம்; சிரிப்புப் பாட்டில் அப்படி அவர் எட்டிப் பார்த்தால் சிரிப்புக் கெட்டுவிடும். காதலிக்க நேரமில்லை படத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன், பண்ணை முதலாளியின் மாளிகைக்கு முன்னால் நின்று, ‘விஸ்வநாதன், வேலை வேண்டும்’ என்று பாடுகிறான். அது முழுக்க முழுக்கக் கோரிக்கை முழக்கத்தின் தாளம். எழுதியவர் 1953-இல் தி.மு.க. நடத்திய கல்லக்குடிப் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர். 1957-இல் நம் பக்கத்துத் திருக்கோட்டியூர்த் தொகுதியில் தேர்தலில் நின்று தோற்றவர். 1961-இல் கட்சியை விட்டு வெளியே வந்தவர். தெருவில் தொண்டை கிழியக் கேட்ட முழக்கத்தை, வெளியே வந்த மூன்றாம் ஆண்டில், ஒரு காதல் கேலிக்கூத்துக்குள் மெட்டோடு வைக்கிறார். இது என் ஊகம்தான், ஆனாலும் அந்தப் பாட்டில் முழக்கமிடுகிறவன் மீதும் கேலி இருக்கிறது, மாடிமேல் மாடி கட்டிக் கோடி சேர்த்த சீமான் மீதும் கேலி இருக்கிறது. மாடிமேல் மாடி கட்டிய சீமான்களை அவர் எங்கே பார்த்திருப்பார் என்று செட்டிநாட்டார் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனையும் உள்ளே இருந்தும், பாட்டைக் கேட்கிறவர் ரவிச்சந்திரனின் குறும்பையும் பாலையாவின் எரிச்சலையும் மட்டுமே பார்க்கிறார். பார்க்க வேண்டியதும் அதுதான்.

வகுப்பில் சிலேடை நடத்தும்போது காளமேகத்தோடு நான் எப்போதும் ஒரு திரைப்பாட்டையும் சொல்வதுண்டு. 1962-இல் வந்த பலே பாண்டியா, சிவாஜி மூன்று வேடத்திலும் எம்.ஆர். ராதா இரண்டு வேடத்திலும் வரும் முழு நகைச்சுவைப் படம். அதில்தான் ‘அத்திக்காய் காய் காய்’ வருகிறது. காதில் விழுவது காய்கறிச் சந்தை. பிரித்துப் பார்த்தால், ‘நிலவே, அத் திக்காகக் காய், இத் திக்காகக் காயாதே’ என்று பிரிவில் வாடுகிறவள் சொல்லும் பழைய அகப்பாட்டு. ‘அவரைக்காய்’ என்று வருமிடத்தில் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். ‘அவரைப் போய்க் காய்’ என்று பிரித்துக் காட்டியதும் ஒரு நொடி அமைதியாகிவிடுவார்கள். தனிப்பாடல் திரட்டில் இடம்பெறத் தக்க வேலைப்பாடு அது. அப்படியிருந்தும் இந்தப் பாட்டை எழுதியவர் யார் என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் விழிப்பார்கள், அதே பிள்ளைகள் கோப்பைப் பாட்டுக்கு உடனே கை தூக்குவார்கள்.


காரைக்குடி ஒலிபெருக்கிக்காரர்:

பெரியவர்கள் பேசும் இடத்தில் நானும் ஒன்று சொல்லலாமா, ஆச்சி? எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக மைக் செட் வைத்திருக்கிறது. எந்தப் பாட்டு எந்த வீட்டில் ஒலிக்கும் என்பதை நாங்கள்தான் நேரில் பார்க்கிறோம்.

துக்க வீட்டுக்குச் செட் கேட்டு ஆள் வந்தால், என்ன பாட்டு வேண்டும் என்று நாங்கள் கேட்பதே இல்லை. ‘வீடு வரை உறவு’ முதலில் போகும். அந்தப் பாட்டு ஒலிக்கத் தொடங்கினால் பந்தலில் பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்துவார்கள், யாராவது ஒருவர் ‘எழுதினான் பார் கண்ணதாசன்’ என்று சொல்லாமல் இருக்க மாட்டார். மனிதர்கள் எழுதியவர் பெயரைச் சொல்லுகிற ஒரே இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். கலியாண வீட்டிலும் காதுகுத்திலும் அவருடைய பாட்டுகள் அதைவிட அதிகமாக ஒலிக்கின்றன. ஆனால் அங்கே எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள், பெயர் சொல்ல நேரமிருக்காது. துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

ஒலிநாடாக் காலத்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் வேலையும் அப்பா செய்தார். தொண்ணூறு நிமிட நாடாவை நீட்டி, ‘கண்ணதாசன் தத்துவப் பாடல்கள்’ என்பார்கள். ‘கண்ணதாசன் சோகப் பாடல்கள்’ என்பார்கள். காதல் பாட்டு என்றால் அவர் பெயர் பாதிப் பேர் சொல்வார்கள், மீதிப் பேர் பாடகர் பெயரைச் சொல்வார்கள். சிரிப்புப் பாட்டு வேண்டுமென்றால் ‘நாகேஷ் பாட்டு’, ‘சந்திரபாபு பாட்டு’ என்றுதான் கேட்பார்கள். நாடாவின் முதுகில் அப்பா எழுதிய பெயர்கள் அப்படியே இருக்கின்றன. இப்போது கைப்பேசியில் பாட்டுத் தொகுப்பு வைப்பவர்களும் அதே தலைப்புகளைத்தான் வைக்கிறார்கள்.

கணக்கர் ஐயா சொன்ன கவலை இல்லாத மனிதன் படத்திலிருந்து இன்றும் கேட்கப்படுகிற பாட்டு எது தெரியுமா? ‘பிறக்கும் போதும் அழுகின்றான்’. சிரிப்பு நடிகர் பாடிய பாட்டு, ஆனால் அப்பா அதைத் தத்துவ நாடாவில்தான் ஏற்றி வைத்தார்.


தேவகோட்டைக் கணக்கர்:

தம்பி, நீங்கள் சொன்னதைக் கேட்ட பிறகு ஆசிரியர் ஐயாவோடு நான் சற்று மாறுபட வேண்டியிருக்கிறது. பிம்பத்தைக் கவிஞர் வரைந்து மாட்டினார் என்று அவர் சொன்னார். வரைந்தவர் அவராகவே இருக்கட்டும். ஆனால் எந்தப் படத்தை முகப்பில் மாட்டுவது, எதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது என்று முடிவு செய்தவர்கள் நாம்தாம். பட்டிமன்ற மேடைகளையும் இதில் சேர்க்க வேண்டும். ‘கவிஞர் படுத்திருந்தார், மெட்டுக்காரர் காத்திருந்தார், கோபத்தில் சொன்ன சொல்லே பல்லவியாயிற்று’ என்ற கதையை எத்தனை மேடைகளில் கேட்டுவிட்டோம். ஒவ்வொரு மேடையிலும் ஊரும் பாட்டும் மாறுகின்றன. சிரிப்புக்காகச் சொல்லப்படும் அந்தக் கதைகளிலும் அவர் சிரிக்கப்படுகிறவராக வருகிறாரே அன்றிச் சிரிக்க வைத்தவராக வருவதில்லை. இது எனக்கு நெடுநாளாக உறுத்தல்.


வலையபட்டித் தமிழாசிரியர்:

ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: அவர் திரையில் தோன்றாமல் இருந்திருந்தால் முகப்பில் மாட்டுவதற்கு நமக்கு இவ்வளவு தோதான படம் கிடைத்திருக்காது.

வாசகி அவர்களுக்கு ஒரு நினைவூட்டல். தாங்கள் பள்ளத்தூரில் இருந்துகொண்டே பள்ளத்தூர்ப் பாப்பாவை மறந்தது எப்படி? மன்னார்குடியில் பிறந்து உங்கள் ஊரில் வளர்ந்து, நாடக மேடையில் அந்தப் பெயரோடு வலம் வந்த மனோரமா, முதன்முதலில் திரைக்கு வந்தது 1958-இல் வெளியான மாலையிட்ட மங்கை படத்தில், அதுவும் நகைச்சுவை வேடத்தில். அந்தப் படத்தைத் தயாரித்தவர் கண்ணதாசன். நாடகத்தில் நாயகியாக நடித்துக்கொண்டிருந்தவருக்குள் ஒரு நகைச்சுவை நடிகை இருப்பதைக் கண்டுகொண்டு, தம் பணத்தில் எடுத்த படத்தில் அந்த வேடத்தைக் கொடுத்தவருக்குச் சிரிப்பு தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் மனோரமா தந்த சிரிப்புக்கு முதல் வரவு அந்தச் சிட்டையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.


பள்ளத்தூர் வாசகி:

ஐயா, நான் தலைகுனிகிறேன். எங்கள் அப்பத்தா அவருடைய நாடகத்தைத் தரையில் உட்கார்ந்து பார்த்த கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் கதையும் மாலையிட்ட மங்கையும் என் மனத்தில் தனித்தனிப் பெட்டிகளில் இருந்திருக்கின்றன.

உங்கள் எல்லோருடைய பதில்களையும் வைத்துக்கொண்டு பேச்சை இப்படி அமைக்கலாம் என்று நினைக்கிறேன். முன்னுரை எதுவும் சொல்லாமல் எட்டணாப் பாட்டை ஒலிக்கவிட்டு, எழுதியவர் யார் என்று அவையைக் கேட்கப் போகிறேன். அதன் பிறகு அத்திக்காய். அதைப் பிரித்துச் சொல்லும் பொறுப்பை என் மகளிடம் கொடுத்திருக்கிறேன். நடுவில் மனோரமா. 1981 மே மாதம் வந்த தில்லு முல்லுவின் பாடல்களும் அவருடையவைதாம் என்பதை இப்போதுதான் கவனித்தேன்; ரஜினியும் தேங்காய் சீனிவாசனும் மீசையை வைத்துக்கொண்டு படுத்தும் பாட்டில் நாடே சிரித்த அந்த ஆண்டின் அக்டோபர் 17-ஆம் நாள்தான் அவர் சிகாகோவில் மறைந்தார். சேரமான் காதலி நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற கையோடு ஒரு கேலிக்கூத்துக்கும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நானே அவரைப் பழையபடி துக்க வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன்.

காரைக்குடித் தம்பிக்கு: 24-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஒரு சிறிய செட் வேண்டும், இரண்டு பெட்டி போதும். படிப்பகத்தில் பணம் அதிகம் இல்லை. வாடகை எவ்வளவு என்று தனிச் செய்தியில் தெரிவியுங்கள்.


காரைக்குடி ஒலிபெருக்கிக்காரர்:

வாடகை வேண்டாம், ஆச்சி. வண்டிக்குப் பெட்ரோல் மட்டும் போட்டுவிடுங்கள். அப்பா எழுதிய பழைய நாடாக்களையும் கொண்டுவருகிறேன், தலைப்புகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.